கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பார்த்த பறவையைச் சொல்வது எப்படி? பங்குனி, சித்திரைக்கான கேள்வி பதில்

கொடைக்கானலில் (எங்கள் பேச்சில் கோடை) காலை நடைக்கு வரும் நண்பர்களும், ஊட்டி, கோத்தகிரிப் பக்கமிருந்து போனில் கூப்பிடுபவர்களும் வருஷா வருஷம் பங்குனி பிறந்ததும் கேட்கிற கேள்விகள் இவை: பார்த்த பறவையை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் எப்படி எழுதுவது, எதை எழுதாமல் விடுவது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப் போகச் சிக்கலானவை.

நமக்குப் பறவையைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். வீட்டு வேலியில உட்கார்ந்த குருவியை எல்லாம் சொல்லணுமா?

சொல்லுங்கள். அபூர்வமான பறவை வந்தால் அதை எழுத ஆள் தானாக வந்துவிடும். தினமும் வேலிக்கு வரும் செம்மீசைச் சின்னானைத்தான் யாரும் எழுதுவதில்லை. மலையில் எங்கே திரும்பினாலும் இருக்கிற பறவை என்பதால் அது கண்ணிலேயே படுவதில்லை. சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று ஊரே பேசுகிறது. எந்தத் தெருவில் எந்த ஆண்டு வரை இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒருவரிடமும் எழுத்து இல்லை.

இன்னொன்று, "ஒன்றும் தெரியாது" என்று சொல்பவர்களுக்குத்தான் பல சமயம் நிறையத் தெரிந்திருக்கிறது. தேயிலை பறிக்கிற அக்காவிடம், செடி மேல் வந்து உட்காரும் கருப்புக் குருவி எத்தனை மணிக்கு வரும், எந்த வரிசையில் இறங்கும் என்று கேட்டுப் பாருங்கள். அது புதர்ச்சிட்டு என்று நாம் சொல்வது அதற்கப்புறம்தான்.

சரி, என்னென்ன எழுதணும்?

நாள், நேரம், இடம், எண்ணிக்கை, பார்த்ததா கேட்டதா. இந்த ஐந்தும் இருந்தால் போதும். மாதிரிக்கு ஒன்று:

"ஏப்ரல் 6, காலை 6:40 முதல் 7:20 வரை. வட்டக்கானல் சாலை, பாம்பார் சோலை ஓரம். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் 2, ஆண் ஒன்று பெண் ஒன்று. சீகாரப் பூங்குருவி 1, சத்தம் மட்டும். வெள்ளைக்கண்ணி குறைந்தது 12. லேசான மூடுபனி."

இதை எழுத இரண்டு நிமிடம் ஆகாது. "இன்னைக்குக் காலையில செம பறவைகள்!" என்று பத்துப் படத்தோடு போடுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடுத்த வருஷம் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இடத்தை எழுதும்போது "கொடைக்கானல்" என்று மட்டும் போடாதீர்கள். ஏரிக்கரையும் பூம்பாறையும் பேரிஜமும் பறவைக்கு ஒரே ஊர் இல்லை.

நம்ம மலையில ஏது சார் வசந்தம்? குளிர் முடிஞ்சா சீசன், சீசன் முடிஞ்சா மழை. அவ்வளவுதானே?

நமக்கு அப்படித்தான். பறவைக்கு மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடியும் வரை தனிக் காலம். இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. வந்தவர்கள் கிளம்புகிறார்கள், இருப்பவர்கள் குடும்பம் தொடங்குகிறார்கள்.

செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து வந்த சாம்பல் வாலாட்டி, பச்சைக் கதிர்க்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் போன்றவை மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகின்றன. முதலில் வந்த நாளை எல்லோரும் ஆசையாகக் குறித்து வைக்கிறார்கள். கடைசியாகப் பார்த்த நாளைக் குறிப்பவர்கள் குறைவு. காரணம் எளிது: பார்க்கிற அன்றைக்கு அதுதான் கடைசி என்று தெரியாது. ஓடைக் கல் மேல் வாலை ஆட்டிக்கொண்டிருந்த வாலாட்டியை ஏப்ரல் பாதி வரை ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டே வந்தால்தான், அப்புறம் திரும்பிப் பார்க்கும்போது கடைசித் தேதி கிடைக்கும். வசந்தகாலப் பதிவில் எனக்குப் பிடித்ததும் மற்றவர்கள் விடுவதும் இதுதான்.

உள்ளூர்ப் பறவைகளைப் பொறுத்தவரை, இது பாடுகிற காலம், கூடு கட்டுகிற காலம். காட்டுப்பூவரசும் முள்முருங்கையும் பூத்த இடத்தில் அரை மணி நேரம் நின்றாலே ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

பேரு தெரியலைன்னா என்ன பண்றது? புக்கைப் பார்த்து கிட்டத்துல இருக்கிறதைப் போட்டுடலாமா?

வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். "ஈப்பிடிப்பான் வகை, எது என்று தெரியவில்லை" என்பது நல்ல பதிவு. தப்பான பெயரோடு ஒரு வரி சேர்ந்துவிட்டால் அதை நீக்க நாலு பேர் வேலை செய்ய வேண்டும்.

புத்தகத்தைத் திறக்கும் முன் பார்த்ததை எழுதிவிடுங்கள். சிட்டு அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு தடித்ததா, ஊசி மாதிரியா? தரையிலா, புதரிலா, மர உச்சியிலா? என்ன செய்துகொண்டிருந்தது? எடுத்துக்காட்டாக, மேலே சொன்ன கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கருப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. பெண்ணுக்குக் கருப்பு வருமிடத்தில் பழுப்பு. சோலைக்குள் தரையை ஒட்டிய புதரில், வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒரு குச்சியில் உட்கார்ந்து, ஒரு பூச்சியைப் பிடித்துவிட்டு அதே குச்சிக்கோ பக்கத்துக் குச்சிக்கோ திரும்பும். நிறம் சரியாகத் தெரியாத மூடுபனியிலும் "புதர், தாழ்வு, திரும்பத் திரும்ப அதே குச்சி" என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சத்தம் மட்டும் கேட்டுச்சு, பார்க்கலை. அது கணக்குல வருமா?

வரும். சோலைக்காட்டில் பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன் என்றால் பக்கம் காலியாகத்தான் இருக்கும். சிரிப்பான் கூட்டம் சிரிப்பது அரை ஃபர்லாங் தூரம் கேட்கும், ஆள் தெரியாது. சீகாரப் பூங்குருவி விடியும் முன் சீட்டி அடிக்கும். யாரோ பையன் பாட்டு மறந்துபோய் இழுக்கிறான் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். தெரிந்த குரல் என்றால் "சத்தம் மட்டும்" என்று குறித்து எழுதுங்கள்.

மெர்லின் மாதிரி செயலிகள் குரலைக் கேட்டுப் பெயர் சொல்வது நல்ல உதவி. அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். அது ஒரு யோசனை சொல்கிறது, அந்தத் திசையில் காதை வைத்து நீங்கள் உறுதி செய்ய வேண்டும். துடுப்பு வால் கரிச்சான் இருக்கும் தாழ்மலைக் காடுகளில் இன்னும் கவனம் தேவை. அது நாலைந்து பறவைகளின் குரலை ஒரே மூச்சில் எடுத்துவிடும். போனில் பதிவு செய்ததை அழிக்காமல் வைத்திருங்கள், பின்னால் யாராவது கேட்டால் அதுதான் சாட்சி.

கூட்டமாப் பறக்குது. எப்படி எண்றது?

எண்ண முடிந்ததை எண்ணுங்கள், முடியாததற்குக் "குறைந்தது" போடுங்கள். வெள்ளைக்கண்ணிக் கூட்டம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவும்போது இடைவெளியில் எண்ணுவது எளிது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் நடக்கிறவர்கள் போகும்போது பார்த்த கூட்டத்தைத் திரும்பும்போது மறுபடி சேர்த்துவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் குறைந்த எண்ணை எழுதுவது நல்லது.

ஊட்டியில இருக்கிற சிரிப்பான்தானே கோடையிலயும் இருக்கு? எதுக்கு ரெண்டு பேரு?

இல்லை, இரண்டும் வேறு. பட்டியலில் அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீலகிரிக்கும் பழனிமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த சமவெளியாகக் கிடக்கிற இடம். உயர்ந்த மலையில் குளிர்ந்த சோலையிலேயே வாழ்ந்து பழகிய சின்னப் பறவை அந்த வெக்கையைக் கடந்து போவதில்லை. அதனால் கணவாய்க்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாகப் பிரிந்துவிட்டன. வடக்கே நீலகிரிச் சிரிப்பான், அடிப்பக்கம் செம்பழுப்பு. தெற்கே பழனிச் சிரிப்பான், மார்பு சாம்பல். சோலைக்கிளியும் (பெயர்தான் கிளி, சோலைத் தரையில் தத்தித் திரியும் சின்னப் பறவை) இப்படித்தான். நீலகிரியில் இருப்பது நீலகிரி சோலைக்கிளி, விலாப்புறம் செம்பழுப்பு. நம் பக்கம் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. 2017இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு இவற்றுக்குத் தனிப் பேரினங்களே அமைந்தன. பழைய புத்தகங்களை வைத்திருப்பவர்களுக்கு அதனால்தான் குழப்பம். பழனிச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் வரும் ஃபேர்பேங்க், 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் பறவை சேகரித்த ஓர் அமெரிக்க மிஷனரி.

இதிலேயே இன்னொரு பொறி உண்டு. பெயரில் "நீலகிரி" இருந்தால் நீலகிரியில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலகிரிக் காட்டுப்புறாவும் கோடையிலும் உண்டு. சிரிப்பானுக்கும் சோலைக்கிளிக்கும்தான் கணவாய்க் கணக்கு. பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த மலையில் நிற்கிறோம் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுத் தொடுங்கள்.

வத்தலக்குண்டுல கிளம்பி மேல வர்ற வரைக்கும் வழியெல்லாம் பார்த்தேன். ஒரே லிஸ்டாப் போட்டுடலாமா?

பிரித்துப் போடுங்கள். வத்தலக்குண்டில் புளியமரத்தில் பார்த்ததும் பெருமாள்மலையில் பார்த்ததும் ஒரே பட்டியலில் இருந்தால், எது எந்த உயரத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது. மலைப்பாதையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் பறவைகள் பாதிக்கு மேல் மாறிவிடும். மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாக வருகிறவர்களுக்கும் இதேதான். வண்டியை நிறுத்திய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்னப் பட்டியல், நடந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று. ஓடுகிற பேருந்திலிருந்து பார்த்த ஒற்றைப் பறவையைத் தனி வரியாக எழுதினால் போதும்.

போன்ல இடம் தானா விழுந்துடுதே, அது போதாதா?

பார்த்த இடத்திலேயே பட்டியலைத் தொடங்கினால் போதும். மன்னவனூர், குக்கல் பக்கம் போய்விட்டு ஊருக்கு வந்ததும் பட்டியலைத் திறந்தால் வீட்டு வாசலையே இடமாகக் காட்டும். அனுப்பும் முன் வரைபடத்தை ஒரு முறை பாருங்கள்.

நாலு மணி நேரம் சுத்தியும் ஒண்ணும் கண்ணுல படலை. இதைப் போய் என்னன்னு எழுதுறது?

அப்படியே எழுதுங்கள். எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மழையா காற்றா, கண்ட நாலே பறவை எவை. பார்த்ததையும் கேட்டதையும் விடாமல் எழுதிய பட்டியலுக்குத்தான் "முழுப் பட்டியல்" என்ற மதிப்பு. அதில் ஒரு பெயர் இல்லை என்றால் அந்தப் பறவை அன்றைக்குத் தென்படவில்லை என்று பொருள் கொள்ளலாம். வாலாட்டியின் கடைசித் தேதி பற்றி மேலே சொன்னேனே, அதை உறுதி செய்வதும் இந்த "இல்லை" பட்டியல்கள்தான்.

எங்க ஊரு வேதாரண்யம். கோடியக்கரையில எண்ணிப் பழகிட்டு இங்க வந்தா ஒண்ணுமே பிடிபடலை. என்ன பண்றது?

அங்கே சேறும் திறந்த வெளியும். தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, டெலஸ்கோப்பை நிறுத்தி, நூறு நூறாக எண்ணிவிடலாம். பங்குனி, சித்திரையில் உள்ளான்கள் வடக்கே கிளம்பும் முன் சாம்பல் சட்டையைக் கழற்றிச் செந்நிறத்துக்கு மாறுவதையும் அங்கே கண்ணாரப் பார்க்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது. ஒரு வளைவில் கால் மணி நேரம் அசையாமல் நின்று காதுக்கு வேலை கொடுங்கள். நடக்க நடக்கக் குறையும், நிற்க நிற்கக் கூடும்.

ஆனால் உங்கள் கரைப் பதிவும் எங்கள் மலைப் பதிவும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். இலங்கையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் பறவைகளில் சில கோடியக்கரைக் காட்டில் இறங்கி இளைப்பாறுகின்றன. தோட்டக்கள்ளன், அதாவது நம் ஊர் ஆறுமணிக்குருவி, அவற்றில் ஒன்று. அங்கே எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று எழுதினால், மலையடிவாரத்தில் பார்ப்பவர்களின் தேதியோடு சேர்த்துப் படிக்கலாம்.

காட்டுக்குள்ள போனாத்தான் நல்ல பறவை கிடைக்குமாமே? பர்மிஷன் வாங்கணுமா?

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதிச்சீட்டு வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸும் தேவை. சீட்டு இல்லாமல் போய்ப் பார்த்த பறவையைப் பெருமையாகப் போட்டு, தானே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

சோலையின் ஓரத்தில் போகும் பொதுச்சாலையே பெரும்பாலும் போதும். கோத்தகிரி லாங்வுட் சோலை, குன்னூர் சிம்ஸ் பூங்கா, இங்கே பிரையண்ட் பூங்கா, வட்டக்கானல் சாலை எல்லாம் நல்ல இடங்கள். விடியும் முன் தனியாகப் போகாதீர்கள். குன்னூரிலும் கோடையிலும் காட்டுமாடு தெருவுக்குள்ளேயே நிற்கிறது. மூடுபனியில் பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி அதன் மேல் போய் முட்டிக்கொள்வது நடக்காத காரியமில்லை. மசினகுடிப் பக்கம் யானை. அங்கே வண்டியை விட்டு இறங்குவதே தப்பு.

போன்ல அதோட சத்தத்தைப் போட்டா உடனே வெளியே வந்துடுது. அதுல என்ன தப்பு?

வெளியே வருவது உங்களைப் பார்க்க இல்லை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறது. கூடு கட்டும் காலத்தில் இரை தேடுவதையும் பெட்டையையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. ஒரே வளைவில் காலையில் ஐந்து வண்டி நின்று ஐந்து பேரும் போட்டால் அதன் கதி என்ன?

சோலைக்கிளியைப் பொறுமையாகப் பார்க்க வழி உண்டு. வெளிச்சம் முழுதாக வராத நேரத்தில், பாசி படிந்த பாதையோரம் சத்தமில்லாமல் நில்லுங்கள். முதலில் சருகு புரளும் ஒலி கேட்கும். அப்புறம் நிழலில் நிழலாக ஒரு கருநீலம் தத்தித் தத்தி வரும், இரண்டு தத்தலுக்கு ஒரு தடவை நிமிர்ந்து நிற்கும். நெற்றியில் மெல்லிய வெளிர்க்கோடு தெரிந்தால் சரியான ஆள்தான். குரல் ஒலிபரப்பிப் பார்த்த பறவையை ஒலிபரப்பியதாகவே எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் செய்யாதீர்கள்.

கூடு பார்த்தேன்! குஞ்சு வாயைத் திறந்துட்டு இருக்கு. போட்டோ எடுத்துப் போடலாமா?

வேண்டாம். படமும் வேண்டாம், இடமும் வேண்டாம். நீங்கள் படம் எடுக்க நிற்கிற நேரம் முழுக்கத் தாய்ப்பறவை வாயில் புழுவோடு எங்கோ தள்ளி உட்கார்ந்திருக்கும். மலைக் குளிரில் இறகு முளைக்காத குஞ்சு பத்து நிமிடம் அணைப்பில்லாமல் கிடப்பது சின்ன விஷயமில்லை. கிளையை ஒதுக்கி எடுத்தால் மறைவு போய்விடும். நீங்கள் எட்டிப் பார்ப்பதைக் காக்கையும் செம்போத்தும் குரங்கும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கூடு பற்றிய தகவலே வேண்டாம் என்று சொல்லவில்லை. "அலகில் நாருடன் பறந்தது", "இரையோடு புதருக்குள் போனது" என்று தூரத்திலிருந்து பார்த்ததை எழுதலாம், இனப்பெருக்கக் காலம் அதிலிருந்தே தெரிந்துவிடும். உங்கள் வீட்டுத் திண்ணைத் தொட்டியில் சின்னான் கட்டிய கூடு என்றால் குஞ்சுகள் பறந்து போன பிறகு முழுக்கதையையும் எழுதுங்கள். அதைப் படிக்க எனக்கும் ஆசைதான்.

ஆந்தை, பாறு, இருவாச்சி இதுக்கெல்லாம் எந்த இடம்னு சொல்லலாமா கூடாதா?

பார்த்தேன் என்று சொல்லுங்கள், மரத்தைச் சொல்லாதீர்கள். ஆந்தை பகலில் தூங்கும் கிளையை மாதக்கணக்கில் மாற்றுவதில்லை. இடம் தெரிந்துவிட்டால் டார்ச்சும் ஃபிளாஷுமாகக் கூட்டம் வரும், மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிக்கிறவனும் வருவான். இருவாச்சியில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிளவு வழியாகத்தான் சாப்பாடு வாங்குகிறது. கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் ஆண் பழத்தோடு வந்தும் இறங்காது. உள்ளே இருப்பவர்கள் பட்டினி.

பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, இன்னும் நுட்பமான விஷயம். மாயாறு, சீகூர்ப் பக்கம் ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. அக்டோபர் வாக்கில் தொடங்கி வசந்தம் முடியும் வரை அவற்றுக்குக் குஞ்சுக் காலம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு நாடு முழுக்கச் செத்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மிஞ்சிய கூட்டங்களில் ஒன்று இங்கே இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. எந்த மரம் என்பது ஊரறிய வேண்டிய செய்தி இல்லை. வானத்தில் வட்டமிட்டதை எண்ணிக்கையோடு தாராளமாக எழுதுங்கள். செத்துக் கிடக்கும் பாறுவையோ, பாறு தின்னும் மாட்டுக்குப் பக்கத்தில் மருந்துக் குப்பியையோ பார்த்தால் வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள்.

இபேர்ட் தளத்தில் சில பறவைகளின் துல்லியமான இடத்தை அவர்களே மறைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத பறவைக்கும் நாமே மறைக்கலாம்: தோட்டம், மரம் என்று குறிக்காமல் ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் போதும்.

நான் பார்த்ததை நம்ப மாட்டேங்கிறாங்க. ஆதாரம் கேட்கிறாங்க. நான் என்ன பொய்யா சொல்றேன்?

கேட்பது உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை. பட்டியலைச் சரிபார்ப்பவர்கள் பெரிய அனுபவசாலியிடமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒரு எடுத்துக்காட்டு: காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் ஊட்டிப் பக்கம் வரும். அதற்கு நெருங்கிய சொந்தமான இன்னொரு ஈப்பிடிப்பானுக்கும் தொண்டையில் ஆரஞ்சு உண்டு. காஷ்மீர்க்காரனின் ஆணுக்கு ஆரஞ்சு மார்பு தாண்டி இறங்கும், அதன் ஓரத்தில் கருப்புக் கரை கட்டியிருக்கும். "கரை தெரிந்ததா?" என்று கேட்டால் கோபப்படாமல், தெரிந்தது அல்லது கவனிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். பெட்டை என்றால் தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள்.

மங்கலான படமும் படம்தான், பதிவுக்கு அழகு தேவையில்லை. படம் இல்லாவிட்டால், பார்த்த உடனே எழுதிய நாலு வரி உதவும். மறுநாள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதிய நாற்பது வரி உதவாது. கடைசியில் பெயர் ஏற்கப்படாவிட்டாலும் உங்கள் குறிப்பு உங்களிடம் இருக்கட்டும்.

எங்க அப்பா டைரியில பழைய குறிப்பெல்லாம் இருக்கு. இப்பப் போடலாமா?

தயவுசெய்து போடுங்கள், அந்தப் பழைய தேதியிலேயே. நேரம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். டைரியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைப்பது அதைவிட முக்கியம், மலை ஈரத்தில் காகிதம் நிற்காது.

எங்க காப்பித் தோட்டம் தாண்டிக்குடியில. அபூர்வப் பறவை இருக்குன்னு பதிவு போட்டா நாளைக்கு நிலத்துக்குப் பிரச்சினை வருமா?

2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதை மனதில் வைத்துப் பலர் இதைக் கேட்கிறார்கள். பயம் நியாயம்தான், ஆனால் ஒரு பறவைப் பதிவால் பட்டா நிலம் காடாக மாறாது. காப்புக்காடோ சரணாலயமோ அறிவிக்க அரசாணை, உரிமை விசாரணை என்று தனிச் சட்ட நடைமுறை இருக்கிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால், மேலே ஆந்தைக்குச் சொன்ன வழிதான்: ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் தோட்டத்தில் பார்த்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்காமல் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்பின் தெரியாத பத்துப் பேர் கேட்டில் வந்து நின்றால் அவருக்குக் கோபம் வராதா?

இதை எல்லாம் யார்தான் பார்க்கிறாங்க? எழுதி என்ன ஆகப் போகுது?

2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை இபேர்டில் சாதாரண மக்கள் போட்ட பட்டியல்கள்தான். எந்தப் பறவை குறைகிறது, எது பரவாயில்லை என்று சொல்ல வேறு வழி நம் நாட்டில் பெரிதாக இல்லை. தனியாக எழுதச் சலிப்பாக இருந்தால் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் எண்ணுவது. மே மாதத்து நாளில் கோடையில் சுற்றுலாக் கூட்டம் அலைமோதும், ஆறரை மணிக்குள் முடித்துவிட்டால் தப்பித்தீர்கள்.

நல்லெண்ணத்துல இடத்தைப் போட்டுட்டேன். இப்ப தினமும் கேமராவோட ஆளுங்க வந்து நிக்கிறாங்க. என்ன செய்யறது?

முதலில் பதிவில் இடத்தை ஊர்ப் பெயராக மாற்றுங்கள். பதிவை அழிக்க வேண்டாம், தேதியும் எண்ணிக்கையும் தேவை. படத்தைப் பகிர்ந்த இடங்களில் பின்னணி தெரிகிறதா என்று பாருங்கள். மைல்கல், கோயில் கோபுரம், டீக்கடைப் பலகை எதுவாக இருந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். படக்கோப்பிலேயே இடம் ஒளிந்திருக்கும், போன் அமைப்பில் அதை நிறுத்தலாம்.

வந்து நிற்பவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தள்ளி நின்று பாருங்கள், சத்தம் போடாதீர்கள் என்று ஒரு தடவை சொல்லலாம். கேட்காவிட்டால், கிளையை வெட்டினாலோ கூட்டை நெருங்கினாலோ, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தப் பகுதி வனவரிடம் சொல்லுங்கள். பறவை இடம் மாறிப் போய்விட்டது என்று தெரிந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள், தேடி வருகிற கூட்டம் அதோடு நின்றுவிடும்.